வெள்ளியைத் தேடி வந்த கப்பல்: நுங்கம்பாக்கம் முதல் புதுச்சேரி வரை

முதல் நாள்: நுங்கம்பாக்கம்

வெள்ளிக் கோள் சூரியனைக் கடப்பதைப் பார்க்க 18ஆம் நூற்றாண்டில் புதுச்சேரிக்கு வந்த பிரெஞ்சு வானியலாளர் கியோம் லெ ஜாந்தியின் தடத்தில் நான்கு நாள் பயணம் இது. தொடக்கம் சென்னையில். கல்லூரிச் சாலையில் உள்ள மண்டல வானிலை ஆய்வு மைய வளாகத்துக்குள் ஒரு கருங்கல் தூண் நிற்கிறது. சுமார் 10 டன் எடை. 1792 என்ற ஆண்டு ரோமன் எண்களில் செதுக்கப்பட்டிருக்கிறது. கட்டியவர் மைக்கேல் டாப்பிங். தமிழ், தெலுங்கு உட்படப் பல மொழிகளில் கல்வெட்டு உண்டு. இது அரசு அலுவலகம், அதனால் வேலை நாளில் போய் வாசலில் அனுமதி கேட்க வேண்டும். கையில் ஒரு டார்ச் இருந்தால் நல்லது. வெளிச்சத்தைப் பக்கவாட்டில் சாய்த்து அடித்தால்தான் தேய்ந்த எழுத்துகள் எழுந்து தெரியும்.

மதராஸ் வானாய்வுக்கூடத்தின் தொலைநோக்கி அமர்ந்திருந்த பீடம் இது. அந்தத் தொலைநோக்கி வடக்கு தெற்காக மட்டுமே அசையும். ஒரு விண்மீன் உச்சிக்கோட்டை (தலைக்கு மேல் வடக்கு தெற்காகப் போகும் கற்பனைக் கோட்டை) கடக்கும் நொடியைக் கடிகாரத்தில் குறிப்பது மட்டுமே அதன் வேலை. அப்படிக் கிடைக்கும் நொடிதான் அந்த ஊரின் உண்மையான நேரம். இவ்வளவு கனமான தூண் எதற்கு என்றால், தரையில் ஆள் நடக்கும் அதிர்வு கருவிக்கு ஏறக் கூடாது. கருவி மயிரிழை சாய்ந்தாலும் நேரம் தவறும். நேரத்தில் 4 விநாடி தவறினால் தீர்க்கரேகையில் ஒரு கலை (பாகையில் 60இல் ஒரு பங்கு) தவறும். சென்னை அட்சரேகையில் அது ஏறக்குறைய 1.8 கிலோமீட்டர். மணல்திட்டும் பாறையும் உள்ள கரையை நோக்கி இருட்டில் வரும் கப்பலுக்கு அந்த 1.8 கிலோமீட்டர் உயிர்ப் பிரச்சினை. கிழக்கிந்தியக் கம்பெனி இங்கே வானாய்வுக்குப் பணம் செலவழித்ததன் முதல் காரணம் கப்பலோட்டமும் நில அளவையும்தான்.

இதைக் கையில் ஒரு செல்பேசியுடன் சோதித்துப் பார்க்கலாம். ஏப்ரல் 15, ஜூன் 13, செப்டம்பர் 1, டிசம்பர் 25 ஆகிய தேதிகளை ஒட்டிச் சூரியன் நம் கடிகாரத்தோடு ஒத்துப்போகும். அந்நாட்களில் இந்தத் தூண் இருக்கும் இடத்தில் சூரியன் உச்சிக்கோட்டைக் கடப்பது இந்திய நேரம் 12 மணி 9 நிமிடத்துக்கு. புதுச்சேரியில் 12 மணி 10 நிமிடம் 40 விநாடிக்கு. இரண்டு ஊருக்கும் இடையே வெறும் 100 விநாடி. இந்த 100 விநாடியைச் சரியாக அளக்கத்தான் அத்தனை பாடும்.

இதே கூடத்தில் ஜான் கோல்டிங்ஹாம் 1820களின் தொடக்கத்தில் ஒலியின் வேகத்தை அளந்தார். பரங்கிமலையிலும் ஜார்ஜ் கோட்டையிலும் வழக்கமாக வெடிக்கும் பீரங்கிகளையே பயன்படுத்திக்கொண்டார். பரங்கிமலை இங்கிருந்து சுமார் 9 கிலோமீட்டர், கோட்டை சுமார் நாலேகால் கிலோமீட்டர். தீப்பொறி தெரிந்ததும் கடிகாரத்தை எண்ணத் தொடங்கி, ஓசை கேட்டதும் நிறுத்த வேண்டும். மலையிலிருந்து வருவதற்குச் சுமார் 26 விநாடி, கோட்டையிலிருந்து 12 விநாடி. ஒவ்வொரு முறையும் வெப்பம், காற்றழுத்தம், ஈரம், காற்றின் திசை எல்லாவற்றையும் பதிந்தார். மாதத்துக்கு மாதம் வேகம் மாறுவது அந்த அட்டவணையிலேயே தெரிந்தது. காற்று எதிரே வீசினால் ஓசை தாமதமாகும், வெயில் ஏறினால் விரைவாகும். புதுக் கருவி ஒன்றும் வாங்காமல், ஊரில் தினமும் நடக்கும் ஒரு சத்தத்தை வைத்தே செய்த ஆய்வு என்பதால் இதன் மேல் தனி மதிப்பு உண்டாகிறது.

தூண் நட்ட அதே 1792இல்தான் பாரிசில் கியோம் லெ ஜாந்தி இறந்தார். இந்தப் பயணம் அவர் சென்ற இடங்களைத் தொடர்வதற்காகத்தான். நாளை ஈசிஆர் வழியாகப் புதுச்சேரி.

இரண்டாம் நாள்: புதுச்சேரிக் கடற்கரை

சென்னையிலிருந்து ஈசிஆர் பேருந்தில் சுமார் 150 கிலோமீட்டர். வலப்பக்க இருக்கையைவிட இடப்பக்க இருக்கை நல்லது, கடல் அவ்வப்போது தெரியும்.

முதலில் விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். வெள்ளிக் கோள் சூரியனுக்கும் நமக்கும் நடுவே வரும்போது சூரிய வட்டில் ஒரு கரும்பொட்டு ஊர்ந்து போவது தெரியும். இதை வெள்ளி இடைமறிப்பு என்கிறோம். எட்டு ஆண்டு இடைவெளியில் இரண்டு முறை வரும், பிறகு நூறாண்டுக்கு மேல் வராது. பூமியின் வடக்கிலும் தெற்கிலும் நின்று பார்க்கும் இருவருக்கு அந்தப் பொட்டு சற்றே வேறு வேறு கோட்டில் போகும். அதனால் கடக்கும் நேரமும் வேறுபடும். அந்த வேறுபாட்டிலிருந்து சூரியனின் தூரத்தைக் கணக்கிடலாம் என்று எட்மண்ட் ஹாலி 1716இல் எழுதினார். 1761இல் வரப்போகும் நிகழ்வைப் பார்க்கத் தகுந்த இடங்களாகச் சென்னையையும் புதுச்சேரியையும் அப்போதே பெயர் சொல்லிக் குறிப்பிட்டார். பிரெஞ்சு வானியலாளர் ஜோசப் டெலில் இன்னொரு வழி சொன்னார். முழு நேரமும் பார்க்க வேண்டாம், வெள்ளி விளிம்பைத் தொடும் ஒரு கணத்தை மட்டும் குறித்தால் போதும். ஆனால் அதற்கு நிற்கும் இடத்தின் தீர்க்கரேகை துல்லியமாகத் தெரிந்திருக்க வேண்டும்.

லெ ஜாந்தி 1760 மார்ச்சில் பிரான்சிலிருந்து கிளம்பி ஜூலையில் மொரீஷியஸ் வந்தார். அங்கிருந்து புதுச்சேரிக்குக் கப்பல் கிடைக்கவில்லை. பிரெஞ்சுக்காரருக்கும் ஆங்கிலேயருக்கும் ஏழாண்டுப் போர் நடந்துகொண்டிருந்தது, புதுச்சேரியை ஆங்கிலேயர் முற்றுகையிட்டிருந்தார்கள். 1761 மார்ச்சில்தான் ‘சில்ஃபீடு’ என்ற போர்க்கப்பலில் இடம் கிடைத்தது.

அந்த மாதம்தான் சிக்கல். இந்தியப் பெருங்கடலில் கப்பலை ஓட்டுவது மாலுமியைவிடக் காற்றுதான். தென்மேற்குப் பருவக்காற்று நன்றாக எழுந்த பிறகு மொரீஷியசிலிருந்து கிளம்பினால் பின்காற்றில் வரலாம். மார்ச்சில் அது இன்னும் எழுந்திருக்காது. பழைய வடகிழக்குக் காற்றின் மிச்சம் எதிரே நிற்கும். சில்ஃபீடு வாரக்கணக்கில் அரபிக்கடலில் திசைமாறி அலைந்தது. மே 24 அன்று மலபார்க் கரையில் மாஹேக்கு அருகே செய்தி கிடைத்தது: புதுச்சேரி ஜனவரியிலேயே விழுந்துவிட்டது. கப்பல் மொரீஷியசுக்கே திரும்பியது.

ஜூன் 6 அன்று வெள்ளி சூரியனைக் கடந்தபோது லெ ஜாந்தி நடுக்கடலில் இருந்தார். வானம் தெளிவாக இருந்தது, அவர் பார்க்கவும் செய்தார். அந்த அளவு எதற்கும் உதவவில்லை. காரணங்களை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். ஆடும் தளத்தில் நீளமான தொலைநோக்கியைச் சூரியன் மேல் நிறுத்த முடியாது. ஊசல் கடிகாரம் கப்பலின் ஆட்டத்தில் ஒழுங்காக ஓடாது. எல்லாவற்றுக்கும் மேல், கப்பல் எந்தத் தீர்க்கரேகையில் இருக்கிறது என்று பாகைக் கணக்கில்கூட உறுதியில்லை. ஒரு பாகை தவறினால் நேரத்தில் 4 நிமிடம் தவறும். தேவைப்பட்டதோ விநாடிக் கணக்கு. கடலில் தீர்க்கரேகை அறிவதற்கென்று செய்த ஜான் ஹாரிசனின் நான்காம் கடல் கடிகாரம் ஜமைக்காவை நோக்கிச் சோதனைப் பயணம் கிளம்பியது அதே ஆண்டு நவம்பரில், ஐந்து மாதம் கழித்து. அதே ஜூன் 6 அன்று சென்னையில் ஆளுநர் மாளிகையின் மேல் மாடியில் வில்லியம் ஹர்ஸ்ட் என்ற பாதிரியார் நிகழ்வைப் பார்த்துக் குறித்தார். புதுச்சேரிக்கு 150 கிலோமீட்டர் வடக்கே.

கடற்கரைச் சாலையில் காந்தி சிலை அருகே நின்றால் இந்த ஊர் ஏன் துறைமுகமே இல்லாத துறைமுகம் என்பது புரியும். கரைக்கு முன்னால் அலை வரிசை வரிசையாக உடைகிறது. பெரிய கப்பல் வெளியே ஆழத்தில் நங்கூரமிட்டு நிற்க, ஆளும் சரக்கும் சலங்கில்தான் கரைக்கு வரும். பிரெஞ்சு ஆளுநரின் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில் இந்தச் சலங்கு அடிக்கடி வருகிறது. பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்துக் கட்டிய படகு அது. ஆணி கிடையாது. ஆணி அடித்த படகு அலை தூக்கி மணலில் போடும்போது இணைப்பில் பிளந்துவிடும். தைத்த படகு வளைந்துகொடுக்கும். தையல் வழியே தண்ணீர் கசியும், இறைப்பதற்கென்றே ஆள் உண்டு. ஐரோப்பாவில் செய்த ஊசல் கடிகாரமும் கால்வட்டக் கோணமானியும் கண்ணாடி வில்லைகளும் கடைசி சில நூறு மீட்டரை இப்படித்தான் கடக்க வேண்டியிருந்தது. இன்று காணும் பாறைக் குவியல் பிற்காலத்தது. 1980களின் இறுதியில் கட்டிய துறைமுகத் தடுப்புச்சுவர் மணல் நகர்வை மறித்ததால் கரை அரிக்கப்பட்டு, கல் கொட்டினார்கள்.

1761 ஜனவரி 1 அன்று ஒரு புயல் முற்றுகையிட்டிருந்த ஆங்கிலக் கப்பல்களைச் சிதறடித்தது. பல கப்பல்கள் மூழ்கின, ஆயிரத்துக்கு மேற்பட்டோர் இறந்தனர். இருந்தும் இரண்டே வாரத்தில் ஊர் சரணடைந்தது. பிள்ளை இறந்ததும் அதே ஜனவரியில். ரங்கப்பிள்ளை வீதியில் அவர் வீடு இன்னும் இருக்கிறது. உள்ளே பார்க்க முன்கூட்டியே கேட்டுக்கொண்டு போவது நல்லது.

மூன்றாம் நாள்: பாரதி பூங்கா, அதிகாலைக் கடற்கரை

பாரதி பூங்காவும் அதைச் சுற்றிய தெருக்களும் இருக்கும் இடத்தில்தான் லூயி கோட்டை இருந்தது. 1761க்குப் பிறகு ஆங்கிலேயர் அதை இடித்துத் தள்ளினார்கள். ஒப்பந்தப்படி பிரெஞ்சுக்காரருக்கு ஊர் திரும்பக் கிடைத்தபோது அவர்களுக்கு வந்தது கற்குவியல். அந்த இடிபாட்டின் மேல்தான் 1768இல் லெ ஜாந்திக்கு வானாய்வுக்கூடம் எழும்பியது.

அடுத்த இடைமறிப்பு 1769இல் என்பதால் அவர் ஊர் திரும்பாமல் எட்டு ஆண்டு இந்தப் பெருங்கடலிலேயே தங்கிவிட்டார். மடகாஸ்கர் கரையை வரைந்தார், காற்றையும் நீரோட்டத்தையும் குறித்தார், 1766இல் மணிலாவுக்குப் போனார். அங்கேயே இருந்து பார்க்க விரும்பினார், ஆனால் பாரிசிலிருந்து புதுச்சேரிக்குப் போகும்படி கடிதம் வந்தது. 1768 மார்ச் 27 அன்று இங்கே வந்து இறங்கினார். ஆளுநர் லா தெ லொரிஸ்தோன் இடமும் ஆளும் கொடுத்தார். சென்னை ஆங்கிலேயர், ஏழாண்டுக்கு முன்பு இந்த ஊரை இடித்தவர்கள், நல்ல தொலைநோக்கி ஒன்றை அவருக்குக் கடன் கொடுத்தார்கள். இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த செய்தி இது.

ஓராண்டு முன்பே வந்தது எதற்கு என்றால், வேலை அவ்வளவு இருந்தது. வியாழனின் உள்நிலவு அதன் நிழலுக்குள் மறைவது பாரிசிலும் புதுச்சேரியிலும் ஒரே கணத்தில் நடக்கும். இரண்டு ஊர்க் கடிகாரமும் அப்போது காட்டும் நேர வித்தியாசமே தீர்க்கரேகை வித்தியாசம். ஒரு தடவை பார்த்தால் போதாது. மறைவது திடீரென்று நடப்பதில்லை, நிலவு மங்கி மங்கித்தான் போகும். சிறிய தொலைநோக்கியில் சற்று முன்னதாகவே காணாமல் போகும். எனவே பல இரவுகளைச் சராசரி எடுக்க வேண்டும்.

கடிகாரத்தோடும் போராட வேண்டும். பாரிசில் சரியாக ஓடிய ஊசல் கடிகாரத்தை அப்படியே இங்கே வைத்தால் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 2 நிமிடம் பின்தங்கும். நிலநடுக்கோட்டுக்கு அருகே ஈர்ப்பு சற்றுக் குறைவு. 1672இல் கயேன் போன ழான் ரிஷே முதலில் கண்ட விஷயம் இது, ஊசலைச் சற்றுக் குட்டையாக்கித்தான் சரிசெய்ய வேண்டும். அதோடு இரும்புத் தண்டு வெயிலில் நீளும். 10 பாகை வெப்பம் ஏறினால் நாளுக்கு 5 விநாடி தாமதம். எனவே தினமும் சூரியனை வைத்துக் கடிகாரத்தைச் சோதிக்க வேண்டும்.

அந்தச் சோதனையை மொட்டைமாடியில் செய்துபார்க்கலாம். தூக்குக்குண்டு வைத்து ஒரு கம்பியைச் செங்குத்தாக நிறுத்துங்கள். கம்பியின் அடியை மையமாக வைத்து ஒரு வட்டம் வரையுங்கள். காலையில் நிழலின் நுனி சுருங்கிவந்து வட்டத்தைத் தொடும் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். மாலையில் நீண்டுபோய் மறுபடி தொடும் நேரத்தையும் குறியுங்கள். இரண்டுக்கும் நடுநேரமே உச்சி. உச்சியில் நேராக அளப்பதைவிட இது நல்லது, ஏனென்றால் உச்சிவேளையில் நிழல் நீளம் மாறுவதே தெரியாது. காலை மாலையில் வேகமாக மாறும். பெரும்பாலும் தவறுவது கம்பி சாய்வதாலும், கம்பி நுனி தடித்திருந்து நிழல் விளிம்பு கலங்கித் தெரிவதாலும்தான். நுனியில் சிறு துளையிட்ட தகடு பொருத்தினால் ஒளிப்புள்ளி கூர்மையாக விழும். ஜூன் மாதத்தில் இங்கே சூரியன் தலைக்கு வடக்கே போவதால் நண்பகல் நிழல் தெற்கே விழும், தாளை அதற்கேற்ப விரிக்க வேண்டும்.

1769 ஜூன் 4 காலை. வெள்ளி நள்ளிரவிலேயே சூரிய வட்டுக்குள் நுழைந்துவிட்டது. புதுச்சேரியில் சூரியன் உதிக்கும்போதே பொட்டு உள்ளே இருக்கும், வெளியேறுவதை மட்டும்தான் பார்க்க முடியும். இன்றைய கடிகாரத்தில் சொன்னால் உதயம் 5:52 அளவில், வெளியேற்றம் சுமார் 6:47க்கும் 7:06க்கும் நடுவே. கடற்கரையில் நேர்கிழக்கைப் பார்த்து நின்று 23 பாகை இடப்புறம் திரும்பினால் ஜூன் தொடக்கத்துச் சூரியன் எழும் இடம் வரும். வெளியேறும் நேரத்தில் அது அடிவானத்துக்கு மேல் 12 முதல் 16 பாகை உயரத்தில் இருந்திருக்கும். கையை நீட்டி முட்டியை மடக்கினால் அதன் அகலம் 10 பாகை. ஒன்றரை முட்டி உயரம். அவ்வளவு தாழ்வான வானத்தில் ஒரே ஒரு மேகத்திட்டு போதும்.

மே மாதம் முழுக்கக் காலை வானம் நன்றாகவே இருந்தது. முந்தின நாள் மாலைகூடத் தெளிவு. நள்ளிரவுக்குப் பிறகு அவர் விழித்தபோது வானம் மூடியிருந்தது. விடியும் நேரத்தில் தென்மேற்கிலிருந்து காற்று வெடித்துக் கிளம்பி மேகத்தை இன்னும் திரட்டியது. ஏழு மணி கடந்தது, வெள்ளி போய்விட்டது. அதன்பிறகு சூரியன் வெளியே வந்து நாள் முழுக்கக் காய்ந்தது. மணிலாவில் அன்று வானம் தெளிவாக இருந்தது.

இதை விதி என்று சொல்லிவிடுவது எளிது. ஜூன் தொடக்கம் இந்தக் கரையில் பருவம் மாறும் நேரம். பகல் வெப்பத்தில் உள்நாட்டில் திரளும் இடிமேகங்களை மேல்காற்று இரவில் கடற்கரைக்குத் தள்ளிக்கொண்டு வரும். அது விடிவதற்குள் கலையும் நாளும் உண்டு, கலையாத நாளும் உண்டு. ஆகவே ஒரே இடத்தை நம்பாமல் பல இடங்களுக்கு ஆள் அனுப்புவதுதான் வழி. அந்த ஆண்டு ஜேம்ஸ் குக் தஹீத்தியிலும், ஷாப் தொத்ரோஷ் மெக்சிகோவின் பாஹா கலிஃபோர்னியாவிலும், மாக்சிமிலியன் ஹெல் நார்வேயின் வார்டேவிலும் பார்த்தார்கள். அளவுகளைத் திரட்டிப் பிரெஞ்சு வானியலாளர் லலாந்த் சொன்ன சூரியனின் தூரம் சுமார் 15 கோடியே 30 லட்சம் கிலோமீட்டர். இன்றைய அளவு 14 கோடியே 96 லட்சம். லெ ஜாந்தி 1771 அக்டோபரில் வீடு திரும்பியபோது அவர் இறந்துவிட்டதாக முடிவுகட்டிச் சொத்தைப் பங்குபோடத் தயாராகியிருந்தார்கள். அறிவியல் கழகத்தில் அவர் இருக்கையும் போயிருந்தது.

நான்காம் நாள்: சோழிக் கணக்கு

புதுச்சேரியில் லெ ஜாந்தி வெறுங்கையோடு போகவில்லை. உள்ளூர்த் தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதரிடம் உட்கார்ந்து கிரகணம் கணிக்கும் முறையைக் கற்றுக்கொண்டார். 1765 ஆகஸ்ட் 30 சந்திர கிரகணத்தின் கால அளவைத் தமிழ்க் கணக்கு 41 விநாடி குறைவாகச் சொன்னது. அன்றைய ஐரோப்பாவின் சிறந்த அட்டவணையான தோபியாஸ் மாயருடையது 68 விநாடி கூடுதலாகச் சொன்னது. இதைப் பதிந்து ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனவர் அவர்தான்.

அடுத்து வந்தவர் ஜான் வாரன். பிரெஞ்சுக் குடும்பத்தில் பிறந்து ஆங்கிலப் படையில் சேர்ந்தவர். முதல் நாள் பார்த்த நுங்கம்பாக்கம் கூடத்தைச் சில ஆண்டுகள் நடத்தியவர், 1830இல் புதுச்சேரியில் இறந்தவர். 1825இல் இங்கே ஒரு பஞ்சாங்கக்காரர் மே 31 இரவுச் சந்திர கிரகணத்தை அவர் கண்முன்னே கணித்தார். தரையில் சோழிகளை எண்களாக அடுக்கி, அட்டவணைகளை மனப்பாடமாகச் சொல்லிக்கொண்டே கூட்டிக் கழித்தார். தொடக்கம் 4 நிமிடமும், நடு 23 நிமிடமும், முடிவு 52 நிமிடமும் விலகின. எழுத்தில் ஒன்றுமே இல்லாமல் இவ்வளவு.

வேலை செய்யும் விதம் இதுதான். சந்திரன் வேகம் குறைந்து கூடி மறுபடி குறைவதற்கு 27.55 நாள் ஆகிறது. 9 சுற்றுக்கு 248 நாள், ஏறக்குறைய மிச்சமில்லாமல். ஆகவே 248 நாளுக்கும் ஒவ்வொரு வாக்கியம் வைத்தால் போதும், திரும்பத் திரும்ப அதையே பயன்படுத்தலாம். எழுத்துகளே எண்கள். முதல் வாக்கியம் ‘கீர்ந ச்ரேய’. ‘கீ’ வடமொழி க வரிசையின் மூன்றாம் எழுத்து, அதனால் 3. ந 0, ரே 2, ய 1. புள்ளி வைத்த எழுத்து கணக்கில் சேராது. பின்னிருந்து படித்தால் 1203, அதாவது 12 பாகை 3 கலை. சந்திரன் மிக மெதுவாகப் போகும் ஒரு நாளின் நகர்வு இது. சராசரி நகர்வு 13 பாகைக்கு மேல். இந்த 248 நாள் சுற்றைப் பாபிலோனியரும் கையாண்டார்கள்.

எளிமையான இந்த முறை கிரகணத்தில் இவ்வளவு நெருங்கி வருவதற்குக் காரணம் சந்திரனின் போக்கிலேயே இருக்கிறது. அதன் வேக மாற்றத்தால் வரும் விலகல் பௌர்ணமி, அமாவாசை நாட்களில் அதிகபட்சம் 5 பாகை. அஷ்டமியை ஒட்டி அது ஏழரைப் பாகை வரை போகும், சூரியன் இழுப்பதால். பழைய கணக்கு எல்லா நாளுக்கும் 5 பாகையையே வைத்திருக்கிறது. கிரகணம் பௌர்ணமியிலும் அமாவாசையிலும் மட்டும்தான் வரும் என்பதால் அங்கே பிசகு சிறிது. பாதிப் பக்ஷத்தில் இரண்டரைப் பாகை வரை தவறும். திதி நகர்வது மணிக்கு அரைப் பாகை, எனவே ஐந்து மணி நேரம் வரை வித்தியாசம் வரலாம். புதுச்சேரிக் கடைத்தெருவில் இந்தப் பழைய கணக்கில் வரும் வாக்கியப் பஞ்சாங்கம் ஒன்றும் இன்றைய வானியல் கணக்கில் வரும் திருக்கணிதப் பஞ்சாங்கம் ஒன்றும் வாங்கி, ஒரே மாதத்தின் திதி முடியும் நேரங்களை ஒரு தாளில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். பௌர்ணமியில் எண்கள் நெருங்கியும், சில மாதங்களில் சப்தமி, அஷ்டமி, நவமியில் மணிக்கணக்கில் பிரிந்தும் நிற்கும். எல்லா மாதமும் ஒரே அளவு பிரியாது. அஷ்டமியன்று சந்திரன் பூமிக்கு அருகிலோ தொலைவிலோ இருந்தால் வித்தியாசம் சிறியது, அந்த இரண்டுக்கும் நடுவழியில் இருந்தால் பெரியது.